நாற்பத்து மூன்றாவது பதிவு

அந்தக் கம்ப்யூட்டரில் இடம் போதாது என்பது உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறகு சொன்ன பொய்கள் எல்லாம் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நின்றன.

என் பெயர் அழகியநம்பி. சொந்த ஊர் நாஞ்சில் நாடு. முப்பது வருடமாகத் திருவனந்தபுரத்தில், ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருக்கிறேன். ஓர் அச்சகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிற வேலை. ஓர் ஒற்று விட்டுப்போனால்கூட எனக்கு அன்று சோறு இறங்காது. ஆகவே நிதானமாகச் சொல்வேன், கூட்டிச் சொல்லமாட்டேன்.

கம்ப்யூட்டர் வாங்கியது மகள் திவ்யலட்சுமிக்காக. மாற்றலாகிப் போன ஒரு பாங்கு அதிகாரி விற்ற பழைய பெட்டி அது. அவளுக்கு ரேடியோவில் செய்தி வாசிக்க வேண்டும் என்று ஆசை. தமிழ் வாசித்தால் மலையாளம் எட்டிப் பார்க்கிறது, மலையாளம் வாசித்தால் தமிழ் எட்டிப் பார்க்கிறது என்று அவளுக்கு ஒரே கவலை. ஒரு சின்ன மைக்கைச் செருகி, அன்றைய பேப்பரில் இருந்து ஒரு நிமிடம் வாசிப்பாள், பதிவு செய்வாள், தானே கேட்டுத் தன்னைத் திட்டிக்கொள்வாள். பதிவுகளுக்கு வரிசையாக எண் போட்டு வைத்திருந்தாள்.

1999 ஜனவரியில் திவ்யா இறந்துபோனாள். மூளைக்காய்ச்சல். இருபத்திரண்டு வயது. அன்றைக்கு என் மனைவி பகவதியம்மாள் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது பிள்ளைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

"தலை வலிக்குன்னு அவ ஒண்ணும் சொல்லலியா?" என்று பகவதி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் திடீர்னு விழுந்துட்டா" என்றேன். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பகவதி அந்தப் பதிவுகளைக் கண்டுபிடித்தாள். எங்கே அழுத்த வேண்டும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் படித்துக்கொண்டாள். மொத்தம் நாற்பத்து மூன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஒன்று மட்டும் கேட்பது என்று ஒரு முறை வைத்தாள்.

"எல்லாத்தையும் ஒரேயடியாக் கேட்டுட்டா, பொறவு அவ புதுசா ஒண்ணும் பேசமாட்டாள்லா" என்றாள்.

நானும் பக்கத்தில் உட்காருவேன். திவ்யா வெள்ளப்பெருக்கைப் பற்றியோ மந்திரிசபையைப் பற்றியோ வாசித்துக்கொண்டிருப்பாள். பின்னால் குக்கர் விசிலடிக்கும், கடுகு வெடிக்கும். "கேட்டேளா, நான் தாளிக்குற சத்தம்" என்று பகவதி சிரிப்பாள். அந்த ஒரு நிமிடம் வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். எனக்கும் அது வேண்டியிருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆகஸ்டில், பகவதி இருபத்தேழாவது பதிவுக்கு வந்திருந்தபோது, நான் கடைசிப் பதிவைக் கேட்டேன். அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பது என் தொழில் பழக்கம், வேறொன்றும் இல்லை. கேட்டு முடித்ததும், இதைப் பகவதி ஒருநாளும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கேட்டால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள். அவள் நன்மையைத்தான் நினைத்தேன். கையில் பதினாறு வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

அதை மட்டும் அழித்திருக்கலாமே என்பீர்கள். அவளுக்கு எண்ணிக்கை தெரியும். ஒன்று குறைந்தால் ஏன் என்று கேட்பாள். எல்லாமே போய்விட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, தலையெழுத்து என்பார்கள்.

அந்த வருடம் பத்திரிகைகளில் ஒரே பேச்சு, இரண்டாயிரம் பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி நின்றுபோகும் என்று. நான் அந்தச் செய்திகளைப் பகவதிக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளே இருக்கும் விண்டோஸ் 95ஐ எடுத்துவிட்டு 98 போட்டால்தான் பதிவுகள் தப்பும் என்றேன். அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அப்பம் வேகம் செய்யுங்கோ. என்ன யோசிச்சிட்டிருக்கியோ" என்றாள். பிறகு தினமும் அவளே என்னை விரட்ட ஆரம்பித்தாள்.

சாலைக் கடைத்தெருப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் லிங்கத்தைக் கூட்டி வந்தேன். நாற்பது வயது, அமைதியான ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாரே, இன்னும் ஐம்பது எம்.பி. இடம் கூடி வேணும். ஹார்ட் டிஸ்க் சின்னதாக்கும். இந்தக் குரல் ஃபைல் எல்லாம் நெறைய இடம் பிடிச்சிருக்கு. எனக்க கடையில கொண்டுபோயி சிடியில எழுதித் தரட்டா?"

"காப்பி எடுத்தாச்சு" என்றேன்.

"அப்போ குழப்பமில்ல" என்றார்.

பகவதி அடுக்களையில் அவருக்காகப் பருப்புவடை சுட்டுக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்தது அன்றுதான். பிள்ளையின் குரலைக் காப்பாற்ற வந்தவர் என்று வடையை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் உட்கார்ந்தேன். அழிக்கவா, உறுதிதானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றேன். குப்பையைக் காலி செய்யவா என்று மறுபடியும் கேட்டது. அதற்கும் ஆம் என்றேன். மனிதர்கள்கூட இரண்டு தடவை கேட்பதில்லை.

லிங்கம் வந்து 98ஐப் போட்டார். இடம் குறைந்த டிஸ்கில், பழையது இருந்த இடத்தில்தான் புதியது போய் உட்காரும், பிறகு பழையதை மீட்கவே முடியாது. இதை அச்சகத்தில் முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பகவதி விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தேடினாள். என்னைப் பார்த்தாள்.

"புதுசு போடும்போது பழசு அழிஞ்சிட்டு போலிருக்கு" என்றேன்.

லிங்கத்திடம் தனியாகப் போய், நான் எடுத்த காப்பி கெட்டுவிட்டது, அவள் என்னை மன்னிக்கமாட்டாள் என்று சொன்னேன். அந்த நல்ல மனிதர் இரண்டு நாள் உட்கார்ந்து தோண்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காமல் பகவதி முன்னால் வந்து நின்று, "எனக்க கைப்பிழைதான் அம்மா" என்று எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார். கூலியும் வாங்கவில்லை.

பகவதி அவரைத் திட்டவில்லை. ஒரு தம்ளர் காப்பி குடிக்கக் கொடுத்து அனுப்பினாள். "நாந்தான் அவசரப்படுத்தினேன். எனக்க பிள்ளைய நானே ரெண்டாந்தடவ பறிகொடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். ஏழு வருடமாக அதைத்தான் சொல்கிறாள். நான் ஆறுதல் சொல்வேன். உன் மேல் தப்பு இல்லை என்பேன். அது பொய் அல்ல.

போன வாரம் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"அவ குரல் எனக்கு மறந்துபோவுது. முகம் இருக்கு, குரல் வரமாட்டேங்கு. நீங்க காது கூர்மையான ஆளுல்லா, எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லுங்கோ."

சொன்னேன். வாக்கியத்தின் கடைசியில் லேசாகக் கம்மும் என்றேன். மூச்சு வாங்கும்போது மூக்கில் ஒரு சின்னச் சத்தம் வரும் என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நீர் இறங்கியது. "நீங்களாவது மறக்காம வச்சிருக்கியளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறக்க எனக்கு வழியில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையே நாற்பத்து மூன்றாவது பதிவை மட்டும் ஒரு ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடக் குரலுக்கு அதில் சரியாக இடம் இருந்தது. என் பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது. அச்சகத்தில் ஃப்ளாப்பி போடுகிற பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஒன்று இருக்கிறது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன்.

திவ்யா விழுந்த அன்று காலை பதினொரு மணிக்குப் பதிந்தது அது. வானிலை வாசிக்கிறாள். தென் கேரளத்தில் ஓரிரு இடங்களில், என்று தொடங்கி நிறுத்துகிறாள். பின்னால் டிவியில் கிரிக்கெட் கூட்டத்தின் இரைச்சல். "அப்பா" என்கிறாள். மறுபடியும் "அப்பா, மண்ட பொளந்துரும் போல இருக்கு. கழுத்தத் திருப்ப முடியல. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

அதற்குப் பிறகு என் குரல் வரும். "பத்து ஓவர்தான் பாக்கி மக்களே. ரேடியோ டெஸ்டு வருதுன்னா உனக்கு எப்பமும் ஒரு வலி வரும். போய்ப் படு." அவள் "செரிப்பா" என்று சொல்லி மைக்கை நிறுத்துவாள்.

மற்ற நாற்பத்திரண்டிலும் அவள் ஊருக்குச் செய்தி வாசிக்கிறாள். இதில் மட்டும்தான் என்னைக் கூப்பிடுகிறாள். அதனால் இதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் முழுதும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவமா என்று அவள் கேட்டதும் நிறுத்திவிடுவேன், திரும்ப முதலில் இருந்து போடுவேன். அந்த இடத்தில் நிறுத்தினால் நான் இன்னும் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மணி பதினொன்றுதான், அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரம் இருக்கிறது.