விருந்தாளிகள் வருவதற்கு முன்

— இல்லக்கா, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லணும். மூஞ்சியை இப்படி உம்முன்னு வச்சுக்கிட்டு "தோட்டத்தால என் வாழ்க்கையே மாறிப்போச்சு"ன்னா எவன் நம்புவான்?

— மாறித்தானே போச்சு, லஹாய். உம்முன்னு சொன்னாத்தான் அது உண்மை.

— கிண்டலை விடு யேமாக்கா. இத்தனை நாளா ஆள் மேல ஆள் அனுப்பினேன், நீ திரும்பிக்கூடப் பார்க்கல. இன்னைக்கு நீயாவே கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் வரைக்கும் நடந்து வந்திருக்க. வந்ததுதான் வந்த, ஒழுங்காக் கத்துக்கிட்டுப் போயேன்.

— சரி ராசா, சொல்லிக்குடு. யாரு வர்றாங்க நாளைக்கு?

— கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து பணம் போடுறவங்க. இன்னைக்குச் சாயங்காலம் ஃப்ரீடவுன் ஏர்போர்ட்டுல இறங்குறாங்க, நாளைக்கு இங்க. அதாவது, நம்ம தோட்டத்துப் பனையெண்ணெய் பூமிக்குக் கெடுதல் பண்ணாத எண்ணெய்னு கண்ணால பார்த்துட்டுப் போகணும். பார்த்தாத்தான் பசுமைச் சான்று. சான்று இருந்தாத்தான் ஆலையைப் பெருசு பண்ணுவாங்க. புரியுதா?

— அந்த எண்ணெய்ல அவங்க குழம்பு வைப்பாங்களா?

— எத்தனை வாட்டி சொல்றது! காருக்குக்கா. டீசலுக்குப் பதிலா ஊத்துறதுக்கு. புகை கம்மி, உலகத்துக்கே நல்லது.

— நான் குழம்புக்கு ஒரு கரண்டி சிவப்புப் பனையெண்ணெய்க்குச் சந்தைக்காரிகிட்டப் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவங்க காரு வயிறு முட்டக் குடிக்குது. நல்லாருக்குடா உலகம்.

— இதை மட்டும் நாளைக்கு வாயைத் திறந்து சொல்லிடாத, தாயே.

— ஏன்டா, ஊருல வேற பொம்பளையே இல்லையா? என்னை ஏன் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற?

— புல்டோசர் முன்னாடி பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு உக்காந்தவ நீ. அந்தப் போட்டோ அவங்க ஊரு பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. அந்த அம்மா எங்கேன்னுதான் மொதல்ல கேட்டாங்களாம். நீயே வந்து தோட்டம் நல்லதுன்னு சொல்லிட்டா அப்புறம் பேச்சே கிடையாது.

— ஓ. என் பல்லை என் கையாலேயே பிடுங்க வைக்கிறீங்க.

— ஆரம்பிப்போமா? நான்தான் நாளைக்கு வர்ற வெள்ளைக்காரம்மான்னு வச்சுக்கோ. "அம்மா, தோட்டம் வந்த பிறகு உங்களுக்கு என்ன கிடைச்சுது?"

— முன்னாடி நெல்லு இருந்துச்சு, மரவள்ளி இருந்துச்சு, புருஷன் இருந்தாரு. இப்ப ஒரு பாரமும் இல்லம்மா, கை வீசிக்கிட்டு நடக்குறேன்.

— அக்கா!

— சரி, சரி. வேலை கிடைச்சுது. போதுமா? நாத்துப் பண்ணையில பைக்குள்ள மண்ணு ரொப்புற வேலை. இடுப்பு ஒடிஞ்சதும் நாளையிலேருந்து வராதேன்னுட்டாங்க.

— "வேலை கிடைச்சுது"ங்கிறதோட நிறுத்திக்கோ. இடுப்பு அவங்களுக்கு எதுக்கு? அடுத்தது காடு. அதை ரொம்பத் துருவிக் கேப்பாங்க. ஆத்தோரத்துல ஒரு மரத்தைக்கூட வெட்டாம விட்டிருக்கோம்ல, "பாதுகாக்கப்பட்ட காடு"ன்னு பலகை வச்சு. அவங்களுக்கு அதுதான் உசுரு.

— அது காடாடா?

— பின்ன?

— அது என் மாமனாரோட நெல்லுக் கொல்லை. மண்ணு களைச்சுப் போச்சுன்னு சும்மா போட்டு வச்சிருந்தோம். சும்மா போட்டா மரம் முளைக்கத்தான் செய்யும். தெம்பு வந்ததும் மறுபடி வெட்டி விதைப்போம். நம்மப்பாவும் அப்படித்தானே பண்ணினாரு? நீயும் கூடவே குருவி விரட்டினவன்தானே? நல்ல நிலத்துல பனையை வச்சீங்க. மிச்ச நிலத்துக்குக் காடுன்னு பேரு வச்சுக் காவலைப் போட்டீங்க. நாங்க எங்கடா நிக்கிறது, ஆத்து நடுவுலயா?

— நான் காவல் போடலக்கா. கம்பெனி போட்டுச்சு.

— நீ யாரு?

— நான்... கம்பெனியில வேலை பாக்குறவன். அவ்வளவுதான். நான் மட்டும் சொகமா இருக்கேன்னு நினைக்கிறியா? ஊருக்குள்ள நடந்தா முதுகுக்குப் பின்னாடி துப்புறாங்க. இங்க வந்தா, "உன் அக்காளையே உன்னால அடக்க முடியல, உனக்கு எதுக்கு ஜீப்பு"ங்கிறாரு மானேஜர். ரெண்டு பக்கமும் உதை வாங்குறவன்கா நான்.

— உதைக்கிற காலுல ஒண்ணு வேற ஒரு ஆளு மேலயும் விழுந்துச்சே. உன் அத்தான் செனசி மேல.

— அத்தான் பண்ணினது தப்பு. காட்டுக்குள்ள போய்ப் பனங்குலை வெட்டினாரு.

— யாரு மரத்துல வெட்டினாரு? உங்க மரமெல்லாம் குட்டை ஜாதி, தரையில நின்னே வெட்டலாம். அது நெட்டை மரம். இடுப்புல வளையத்தை மாட்டிக்கிட்டு ஏறணும். அவங்கப்பா காலத்து மரம்டா அது. கம்பெனியில எவனுக்கு அதுல ஏறத் தெரியும்? செனசி ஏறினாரு, ஒரு குலை வெட்டினாரு. இறங்குறப்போ கீழ போலீஸு. ஒரு குலைக்கு ஜெயிலு.

— அதுக்குத்தானே நான் இவ்வளவு பாடுபடுறேன்! நீ நாளைக்கு நல்லபடியாப் பேசு, மானேஜர் வழக்கை வாபஸ் வாங்கிடுவாரு. என்கிட்ட வாய் விட்டுச் சொல்லியிருக்காரு.

— நெசமா?

— நெசமா.

— அப்போ கேளு. மறுபடி கேளு, அந்த வெள்ளைக்காரி மாதிரி.

— "அம்மா, தோட்டம் வந்த பிறகு..."

— "வாங்கம்மா, நல்லா வாங்க. நான் யேமா. இந்தத் தோட்டம் வேணாம்னு மொதல்ல நின்னவ நான்தான். அப்போ புரியல. இப்போ வேலை இருக்கு, ரோடு இருக்கு, ஆத்தோரத்துக் காட்டைக் கம்பெனி கண்ணு மாதிரி பாத்துக்குது. எங்க பிள்ளைங்க நாளைக்கும் இந்த மண்ணுல வாழும். நீங்க போட்ட பணம் வீண் போகல. கடவுள் உங்க கையை நிறைக்கட்டும்."

— அக்கா! இதான்! இதான்க்கா! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. எங்கே ஒளிச்சு வச்சிருந்த இதையெல்லாம்?

— பொய்யிதானே. வரும். உனக்கு வரலையா?

— ஆரம்பிச்சிட்டியா மறுபடி.

— இல்லடா, விடு. செனசியைப் பத்திச் சொல்லு. போய்ப் பார்த்தியா?

— பார்த்தேனே. போன வாரம்.

— எப்படி இருக்காரு?

— நல்லாத்தான் இருக்காரு. லேசா இருமல். ஜெயில்னா ஈரம் இருக்கும்ல, அதாவது... பெருசா ஒண்ணும் இல்ல.

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் போன்ல பேசினேன்.

— எப்போ?

— இன்னைக்கு... காலையிலதான். வார்டன் எனக்குத் தெரிஞ்சவன், போனைக் குடுத்தான்.

— காலையில உன்கிட்டப் பேசினாரா? குரலைக் கேட்டியா நீ?

— கேட்டேன்கா. ஏன் இப்படி உத்துப் பாக்குற?

— என்ன சொன்னாரு?

— உன்னைத்தான் கேட்டாரு. உன் கை மரவள்ளிக் கீரைக் குழம்பு வேணுமாம். ஜெயில் சோத்தைத் தின்னு நாக்கு செத்துப் போச்சாம்.

— நாக்கு செத்துப் போச்சுன்னாரா?

— சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

— சத்தியம் பண்ணு.

— அல்லா மேல ஆணையா.

— அல்லா பெரியவன், அவன் மன்னிச்சிருவான். அம்மா மேல பண்ணு.

— அம்மா மேல சத்தியமா.

— அம்மா எங்க இருக்கா? எத்தனாவது வரிசைப் பனைக்குக் கீழ?

— அக்கா, கல்லறைங்களை இடிச்சதுக்குத்தான் கம்பெனி ஆடு குடுத்துச்சு, அரிசி குடுத்துச்சு, ஓதினாங்க. முடிஞ்ச கதையை ஏன் கிளறுற? இப்ப நடக்கப் போறதைப் பாரு. வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க கிளம்புவாங்க. அவங்க வண்டித் தூசி அடங்குறதுக்குள்ள நான் டவுனுக்குப் போய் அத்தானை என் ஜீப்புல, முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டு வர்றேன். உன் வாசல்லயே இறக்கி விடுறேன். போதுமா? ஏன்கா எழுந்துட்ட? எங்க போற?

— நீ டவுனுக்குப் போக வேணாம், லஹாய். நேத்து அவரு தம்பி ஃபோடே போய், வார்டனோட சண்டை போட்டுப் பிணத்தை வாங்கிட்டு வந்துட்டான். வெள்ளைக்காரங்க திரும்பிப் போற வரைக்கும் வீட்டுக்குச் சொல்லாதீங்கன்னு சொன்னது நீதான்னு அந்த வார்டன் சொன்னானாம். நான் நம்பல. என் கூடப் பொறந்தவன் அப்படிச் செய்ய மாட்டான்னு ஃபோடேகிட்டச் சண்டை போட்டுட்டு, விடியக்காலையில செனசியை அந்தக் காட்டுக்குள்ள புதைச்ச கையோட, உன் வாயால கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.