கொள்ளு தின்ற கார்

"உங்க காரு கொள்ளு தின்னுருக்குங்க."

காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த ஒரு மெக்கானிக் இப்படிச் சொன்னதும் என் காது தானாக அங்கே போனது.

"புகை டெஸ்ட்ல பெயிலானதுக்கும் கொள்ளுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் பக்கத்தில் இருந்த கார்க்காரர்.

"ஏர் பில்டர் பூரா கொள்ளுச் சருகும் பொட்டும் தூசியும் அடைச்சிருக்கு. காத்து பத்தாம பெட்ரோல் சரியா எரியல. அதான் கரும்புகை, திணறல் எல்லாம். அப்படி எங்க ஓட்டுனீங்க?"

"எங்கயும் போவலைங்க. வூட்டு முன்னால ரோட்டுல காஞ்ச கொள்ளுச் செடியப் பரப்பி, மணி உதிர அது மேல நாலு நாளு முன்னயும் பின்னயும் ஓட்டிக் கொள்ளு அடிச்சேன்."

மெக்கானிக் சிரித்தார். "ஷெட்டுல நிக்கிற வண்டிக்கு தர்மபுரில புது பில்டர் வாங்கிப் போட்டா சரியாயிரும். இனிமே அந்த வேலைக்கு வண்டிய எறக்காதீங்க."

"சரிங்க. சாயந்தரமே கொடுத்துருவீங்களா?"

"அப்படி என்ன அவசரம்?"

"நாளைக்குத் தொவரை அடிக்கணுங்க."