ஓர் அங்கம் முன்னதாக

பின்வாசல் வழியாக வந்தால் தலையில் இடிக்கும், தம்பி. நீ போன பிறகு மேல்சட்டம் இறங்கிவிட்டது. முன்பக்கம் கடைக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன், அப்படியே வந்திருக்கலாம். சரி, உட்கார். அந்தச் சுழல் நாற்காலியில் வேண்டாம், சாய்ந்தால் நிமிராது. முடிவெட்ட வந்தவர்கள் அதில் சாய்ந்து தூங்கித் தூங்கியே அதை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். காபி ஆறுவதற்குள் குடி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாய். எதையும் விடாமல் சொல்கிறேன்.

நான் நாடகம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்கு இந்த வேலை என்று சிரிப்பாய். அங்கே வருகிற எல்லோருக்கும் ஒரே வசனம்தான், "வலிக்குமா?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சனிக்கிழமை மாலை வகுப்பு. ஒரு பேருந்து ஓட்டுநர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ், கல்லூரிப் பெண்கள் சிலர், நான். எழுதி வந்ததைப் பாத்திரம் பிரித்து மற்றவர்கள் உரக்க வாசிப்பார்கள். எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் அங்கே சட்டம்.

ஆரம்பத்தில் என் நாடகங்கள் எடுபடவில்லை. வாசிக்கும்போதே அந்தப் பெண்கள் கைப்பேசியைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள். ஒருநாள் ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ராஜாவும் உங்களை மாதிரியே பேசறார், உங்க திருடனும் உங்களை மாதிரியே பேசறான். வீட்டுல யாராவது பேசறதைக் காது குடுத்துக் கேளுங்க" என்றார். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். வீட்டில் பேச எனக்கு யார் இருந்தார்கள்? அப்பா ஒருவர்தான்.

பக்கவாதத்தில் வலது கை போன பிறகு அவர் கடையை மூடவில்லை. ஆளே வராவிட்டாலும் காலையில் துண்டை உதறிப் போடுவார், சீப்புகளை வரிசையாக வைப்பார், கத்திரிக்கு எண்ணெய் விட்டு இடது கையால் வெறும் காற்றை வெட்டிப் பார்ப்பார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். காடாக முடி வளர்ந்த எவனாவது தெருவில் போனால் எட்டிப் பார்ப்பார். நீதானோ என்றுதான். நான் வேலையிலிருந்து திரும்பியதும் முதல் கேள்வி, "சின்னவன் போன் பண்ணானா?" நாமே கூப்பிடலாமே என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "தானா வரணும். நான்தானே போகச் சொன்னேன், நானே எப்படிக் கூப்பிடறது" என்பார். உனக்கும் அவருக்கும் ரோஷம் ஒரே அச்சு. நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்திலேயே இருப்பவளிடம் கேட்க என்ன இருக்கிறது.

அதையெல்லாம் அப்படியே எழுதினேன். சண்டையில் தொடங்கினேன்: கடையை நவீனமாக மாற்றலாம் என்று மகன் சொல்ல, வாடிக்கையாளர்கள் முன்னால் அப்பா கையை ஓங்கிவிட்டு, "இனி என் கடைப் படியை மிதிக்காதே" என்கிறார். முதல் அங்கத்தை வாசித்த அன்று யாரும் கைப்பேசியைத் தொடவில்லை. அந்த நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

இரண்டாம் அங்கம் முழுக்கக் காத்திருத்தல். ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் குறுக்கே ஏதாவது நிற்க வேண்டும், நிற்கும் வரைக்கும்தான் நாடகம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. அதில் பாதிகூட முடியவில்லை, ஒரு மழைநாள் மத்தியானம் நீ வந்து நின்றாய்.

உனக்கு நினைவிருக்கும். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நீ படியில் கால் வைக்கவில்லை, கீழேயே நனைந்துகொண்டு நின்றாய். அவர் கைக்குப் பயிற்சி செய்ய ஒரு ரப்பர் பந்து வாங்கி வந்திருந்தாய். "அப்பா என்னைப் பாப்பாராக்கா?" என்றாய். "வேணாம்டா. உன் பேச்சை எடுத்தாலே படபடப்பு வந்துருது. வந்தா உள்ள விடாதேன்னுட்டார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். பந்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாய்.

உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அதை நீ நம்ப வேண்டும். நீ ஓர் அங்கம் முன்னதாக வந்துவிட்டாய், அவ்வளவுதான். உள்ளே விட்டிருந்தால் அவர் அழுவார், நீ அழுவாய், உன் தலையைப் பார்த்துவிட்டு அந்த ஒற்றைக் கையால் சீப்பை எடுப்பார். அதோடு எல்லாம் முடிந்துபோகும். இன்னும் கொஞ்ச நாள் கழித்து நானே உன்னைக் கூப்பிடுவதாகத்தான் இருந்தேன்.

அவர் எழுந்ததும் சொன்னேன். சின்னவன் வந்தான், ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தான், எழுப்பட்டுமா என்று கேட்டேன், பார்க்க இஷ்டமில்லை என்று போய்விட்டான் என்றேன். அதைச் சொல்லத் தேவையே இல்லை என்பாய். தேவை இருந்தது. அந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்வார் என்று எத்தனை முறை எழுதிப் பார்த்தும் பொய்யாகவே இருந்தது. எல்லாம் என்னை மாதிரியே பேசின.

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். பிறகு, "முடி யாரு வெட்டியிருக்கா?" என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். "காதுகிட்ட ஒழுங்கா இருந்துச்சா? அவனுக்கு வலது காதுக்குப் பின்னால சுழி இருக்கு. தெரியாதவன் வெட்டினா நட்டுக்கும்" என்றார். அவ்வளவுதான். என்னால் ஆயுளுக்கும் அப்படி ஒன்றை யோசித்திருக்க முடியாது. குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மறப்பதற்குள் எழுதிவைத்தேன். எழுதும்போது அழுதேன். என் அப்பாதானே.

அந்தச் சனிக்கிழமை பேருந்து ஓட்டுநர்தான் அப்பா வேடத்துக்கு வாசித்தார். சுழி என்ற இடத்தில் அவரால் முடியவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். சட்டப்படி நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

மூன்றாம் அங்கத்துக்கு ஆசிரியை சொன்னது ஒன்றுதான். "அவரைக் காப்பாத்திடாதீங்க. பாவம்னு கை குடுத்தீங்கன்னா அங்கேயே நாடகம் செத்துரும். அவர் என்ன முடிவு எடுக்கறாரோ, பின்னாடியே போங்க." ஆசிரியைக்கு எதுவும் தெரியாது, அவரைப் போய்க் கேட்காதே.

கடை மேசையைத் துடைக்கும்போது சவரச் சோப்புக் கிண்ணத்தில் மாத்திரைகளைப் பார்த்தேன். நான் கொடுப்பதை அப்பா வாயில் அதக்கிக்கொண்டு, நான் திரும்பியதும் அதில் துப்பியிருக்கிறார். எதற்கான மாத்திரை என்பதும், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாளும் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன், அதற்கடுத்த நாளும். ஒரு வேளைகூடத் தவறவில்லை. கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். மனுஷன் அவமானப்படக் கூடாது இல்லையா.

கடைசிக்கு முந்தின நாள் என்னை அருகில் கூப்பிட்டார். பேச்சு குழறியது. "அவன்கிட்ட சொல்லு. படியை மிதிக்கலாம்னு சொல்லு" என்றார். சொல்கிறேன் என்றேன். உன் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டிருந்தால் ராத்திரிக்குள் வந்திருப்பாய். நான் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் துண்டை உதறும் சத்தம் கேட்கவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, தம்பி. அந்தத் துண்டை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன். ரப்பர் பந்து அலமாரியில் இருக்கிறது, அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அவர் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. நீயும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் சொன்னது நான். அவர் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். நீ போலீஸுக்குப் போனாலும் இதையே சொல்வேன், ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். எழுதுவதை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அப்பாவை அப்படி அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை. இன்னும் ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. மகன் பின்வாசல் வழியாக வருகிறான், அக்காள் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறாள். அவள் பங்கு முடிந்துவிட்டது.

அவன் என்ன சொல்வான் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஏன் எழுந்துவிட்டாய், உட்கார். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல், திட்டுவதென்றாலும் திட்டு. கொஞ்சம் நிதானமாகச் சொல், போதும்.