ஈரலும் நூலும் நான்கு கைகளும்

இந்தத் தூண்டில் சங்கத்தைத் தோளிலே தூக்கிச் சுமக்கும் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா அவர்களே! பொறுமைக்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்டாமல் ஆற்றங்கரையில் அமர்ந்தே அறிந்துகொண்ட பெரியோர்களே! ஞாயிறுதோறும் மீன் வாடைச் சட்டைகளை மூக்கைச் சுளித்துக்கொண்டே அலசிப்போடும் தாய்மார்களே! (சிரிக்காதீர்கள் அம்மா, நானும் அந்த வரிசைதான்.) அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

"வீட்டிலேயே இறைச்சி இரை செய்யும் விதம்." இது எனக்குத் தந்த தலைப்பு. ஆண்டுதோறும் இதைப் பேசுகிறவன் என் அண்ணன். 'தக்கை' என்றால்தான் உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தலைவர் என்னைக் கூப்பிட்டார். "உங்கண்ணன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். நீயாவது வந்து பேசும்மா" என்றார்.

அதோ, கடைசி வரிசையில், கதவோரமாக, எந்த நேரமும் எழுந்து போகிறவனைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வருடம் மூன்று மாதமாக என்னோடு பேசாத என் அண்ணன்! திரும்பிப் பார்க்காதீர்கள். போய்விடுவான்.

எனக்கு ஏழு வயது, அவனுக்குப் பத்து. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்கு அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலை. இருவரும் வேலைக்குப் போய்விட்ட சனிக்கிழமைக் காலையில், மூன்றாம் மாடியில் இருந்த அந்தச் சமையலறை யாருக்குச் சொந்தம்? எங்களுக்கே சொந்தம்! செய்தித்தாளை விரிப்போம். கோழி ஈரலைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்குவோம். துணியால் ஒற்றி எடுப்போம். தட்டிய பூண்டு ஒரு பிடி, கல்லுப்பு தாராளமாக, மூடி போட்டு ஒரு நாள் ஃப்ரிட்ஜில். ஊறிய நீரை வடித்து மறுபடி உப்பு, மறுபடி ஒரு நாள்.

ஏன் இந்தப் பாடு? பச்சை ஈரல் தூண்டில் முள்ளில் நிற்குமா? நிற்காது! வீசுகிற வேகத்தில் முள் ஒரு பக்கம் போகும், ஈரல் ஒரு பக்கம் போகும். ஒருமுறை அது பின்னால் பறந்து, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பேங்க் மேனேஜரின் வழுக்கையில் போய் அமர்ந்தது. "எவன்டா அது?" என்றார். "காக்கா சார்!" என்றான் அண்ணன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

உப்பில் இறுகிய ஈரலுக்கும் நூல் வேண்டும். அம்மாவின் தையல் நூல். முள்ளையும் ஈரலையும் சேர்த்து அவன் பிடிப்பான், நான் சுற்றுவேன்.

"இறுக்கிச் சுத்துடி. சடையா பின்ற?"

"நீ மொதல்ல ஒழுங்காப் பிடி!"

எத்தனை ஈரல், எத்தனை முள், எத்தனை சனிக்கிழமை! சுற்றிய கை என் கை, பிடித்த கை அவன் கை. ஒரு நாளாவது என் விரலில் முள் குத்தியதுண்டா? இல்லை. குத்தியதெல்லாம் அவன் விரலில்.

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அவளோடு இரட்டையாகப் பயமும் பிறந்தது. கல்லூரியில் நான் படித்தது கிருமிகளைப் பற்றி. படித்ததெல்லாம் தூக்கத்தைக் கெடுத்தது. அப்போதுதான் அண்ணன் வந்தான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது, நம் சங்கத்து மீன்பிடிப் போட்டிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்று ஈரல் டப்பாவை என் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் திறந்து பார்க்கிறேன். மூடியோரம் கசிந்து, ஒரு சிவப்புச் சொட்டு, என் ஐந்து மாதக் குழந்தையின் பால் புட்டி மேலே! யோசித்தேனா? இல்லை. அவனைக் கேட்டேனா? இல்லை. டப்பாவோடு குப்பையில் போட்டேன். ஃப்ரிட்ஜை மூன்று முறை கழுவினேன்.

போட்டி நாள் காலையில் வந்து நின்றான். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? வேற செஞ்சிருப்பேனே" என்றான். அவ்வளவுதான் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாத்தம் புடிச்ச ஈரலத் தூக்கிக்கிட்டு இனிமே இந்த வாசப்படி ஏறாத!"

ஏறவில்லை. அன்று இறங்கியவன் இன்றுவரை ஏறவில்லை. என் மகள் தவழ்ந்தாள், தாய்மாமன் பார்க்கவில்லை. தத்தித் தத்தி நடந்தாள், தாய்மாமன் பார்க்கவில்லை. தன் மொழியில் அவள் எதையோ சொல்லிச் சிரிக்கிறாள், அவன் கேட்கவில்லை!

சபையோரே, ஈரலைக் குப்பையில் கொட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. இன்றைக்கும் கொட்டுவேன்! (கைதட்டும் தாய்மார்களே, நன்றி.) ஆனால் சொன்ன சொல்? அந்தச் சொல்லை எந்தக் குப்பையில் கொட்டுவேன்? எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவேன்?

இந்த மேசையைப் பாருங்கள். ஈரல், நூல், முள். செய்து காட்டச் சொன்னார்கள். நேற்று வீட்டில் தனியாக முயன்றேன். பிடித்தால் சுற்ற முடியவில்லை, சுற்றினால் பிடிக்க முடியவில்லை. இதோ முன்வரிசையில் மகளை மடியில் வைத்திருக்கிறாரே, என் கணவர், அவர் உதவிக்கு வந்தார். பாவம், ஈரலைப் பார்க்கப் பயந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பிடித்தார். இந்த வேலைக்கு இரண்டு கை போதாது. நான்கு கை வேண்டும்!

இல்லை ஐயா, தலைவர் ஐயா, நீங்கள் எழ வேண்டாம். நான் கேட்பது வேறு கை.

அண்ணா, மன்னிச்சிரு. வீட்டுக்கு வா. ஈரலோடவே வா. கசிஞ்சாலும் எதுமேலயும் படாதபடி ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டு உனக்காகக் காலியா இருக்கு.

எழுந்துவிட்டான். கதவு அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது... என்ன? கேட்கவில்லை அண்ணா, சத்தமாகச் சொல். சபையோரே, அவன் கேட்கிறான்: "தூள் உப்பா போட்ட? இங்கேர்ந்தே தெரியுது, கொழகொழன்னு!"

தூள் உப்புதான் அண்ணா. தப்புதான்.

வருகிறான். வழி விடுங்கள். "ஏய், முள்ள எடுத்து உசரத்துல வைடி, பாப்பா மேசைக்கிட்ட வந்துட்டா பாரு!" ஐயோ, ஆமாம்! பெற்றவள் பேச்சில் மயங்கி நிற்கிறேன், மாமன் பார்த்துவிட்டான்.

தூக்கிக்கொண்டான். அவளும் அவன் மூக்கைப் பிடித்துவிட்டாள், விடுகிற மாதிரி இல்லை.

அன்புள்ளம் கொண்ட அவையோரே, என் அண்ணனுக்கு இரண்டு கையும் நிறைந்துவிட்டது. ஆகவே இரை கட்டிக் காட்டும் நிகழ்ச்சி இன்று நடக்காது. பொறுத்தருளுங்கள். மேடை தந்த தலைவருக்கும் செவி தந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்!