பதினெட்டுப் புறாக்களுக்குச் சீட்டு எழுதிய அம்மையாருக்கு

சிறகில் சிக்கிய சிறு தூசியையும் சீர்தூக்கிப் பார்க்கும் கண்ணினரே! குருதியின் ஒரு துளியில் குலத்தின் கதை முழுவதையும் படிப்பவரே! முடியாததை முகத்துக்கு நேரே சொல்லி, முடிந்துவிட்டால் முதல் ஆளாய் மகிழ்பவரே! பறவை மரபியல் பிரிவின் தலைவியாய் இருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மேடம் அவர்களே!

நாங்கள் எழுதிய முதல் வரைவில் புகழ்ச்சி மட்டுமே இருந்தது. யாரோ அதை நகல் எடுக்கும் இயந்திரத்திலேயே மறந்துவிட, அது உங்கள் கையில் சிக்கியது. மூன்று பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அடியில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினீர்கள்: "அந்தப் பதினெட்டையும் எழுதுங்க. இல்லன்னா இந்த மடல் எனக்கு வேணாம்."

ஆகவே எழுதுகிறோம்.

ஆற்றின் கிழக்குக் கரைக் காட்டில் செங்கழுத்துப் புறா; மேற்குக் கரையில் கருங்கழுத்துப் புறா. முன்னது இரண்டு முறை கூவும், பின்னது மூன்று முறை கூவும். ஒரே மூதாதையின் வழிவந்தும், பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று ஏறெடுத்தும் பாராமல் வாழ்ந்த பங்காளிகள் அவை. பாலம் கட்டுவதற்காக இரு கரையிலும் மரங்கள் வெட்டப்பட்டபோது, எஞ்சிய ஒரே தோப்பில் இரண்டும் ஒதுங்கின, இணை சேர்ந்தன, கலப்புக் குஞ்சுகள் பொரித்தன. ஏற்கெனவே அருகிப்போன கருங்கழுத்து, கலந்து கலந்தே காணாமற் போய்விடும் என்று காப்பு அலுவலகம் அஞ்சியது. கலப்புப் பறவைகளைக் கொன்றுவிடலாமா என்று உங்களைக் கேட்டது. நீங்கள் பணியில் சேர்ந்த ஆறாம் ஆண்டு அது. கொல்லலாம் என்று பரிந்துரைத்துக் கையெழுத்திட்டீர்கள். பதினெட்டுப் புறாக்கள் இறந்தன.

ஒரு கூட்டில் இரண்டு முட்டைகள் மிஞ்சியிருந்தன. அவற்றை உடைத்துவிடும்படி குறிப்பு அனுப்பினீர்கள். நாளுக்கு நான்கு சொல் பேசினாலே அதிகம் என்பதால் 'மௌனி' என்று நாங்கள் அழைக்கும் கூண்டுக் காப்பாளர், அந்தக் குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முட்டைகளை அடைகாக்கும் பெட்டியில் வைத்தார். பொரித்த குஞ்சுகளைக் கண் திறக்குமுன்பே பிரித்து, ஒலி புகாத இரண்டு அறைகளில் தனித்தனியே ஒளித்து, குழாயால் ஊட்டி வளர்த்தார். வேறொரு புறாவின் குரலை அவை கேட்டதே இல்லை.

ஒன்பதாம் மாதம், நல்ல உச்சிவேளையில், காணாமற் போன எடைத்தராசைத் தேடிக்கொண்டு அந்த அறைகளில் ஒன்றின் கதவைத் திறந்தீர்கள். உள்ளிருந்த புறா நான்கு முறை கூவியது. பிறகு நெடிய ஓர் இடைவெளி. அது முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும் நேரத்தில், ஐந்தாவதாக ஒன்று.

நடைக்கூடத்தில் முப்பது கூண்டுகள் இருந்தன. அதுவரை ஓயாமல் குனுகிக்கொண்டிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே கணத்தில் அடங்கின. செங்கழுத்தும் கருங்கழுத்துமாய் முப்பது தலைகளும் அந்தக் கதவின் பக்கம் திரும்பின. எங்களில் மூத்தோர் நால்வர் அன்று அங்கே நின்றோம்.

"இதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று, ஓடி வந்த மௌனியைக் கேட்டீர்கள்.

"யாரும் இல்ல மேடம்."

"முட்டைய உடைக்கச் சொன்னேனே அண்ணே?"

"மனசு வரல."

நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தோம். நீங்களோ மெல்லச் சொன்னீர்கள்: "புறாவுக்குப் பாட்டு யாரும் கத்துக் கொடுக்க வேணாம், ரத்தத்துலயே வந்துடும். ஆனா இது அப்பன் பாட்டும் இல்ல, ஆத்தா பாட்டும் இல்ல. அப்ப இது யாரோட பாட்டு?"

மௌனி என்ன நினைத்தாரோ, எதிர் அறையின் கதவையும் திறந்தார். மறுபடியும் நான்கு கூவல். இடைவெளி வந்ததும், எதிர் அறைப் புறா அதற்குள் மூன்று முறை கூவியது. முதற்புறா ஐந்தாவதைக் கூவி முடித்தது. ஒன்றை மற்றொன்று பார்த்தறியாத இரண்டு பறவைகள், ஓர் அசையும் பிசகாமல் முறை வைத்துப் பாடின. இடைவெளி என்று நாங்கள் எண்ணியது, பதில் சொல்பவருக்காக விட்டுவைத்த இடம்! நீங்கள் நடைக்கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள், உண்ணும் நேரம் போக உறங்கும் நேரத்தையும் உழைப்புக்கே கொடுத்தீர்கள். செங்கழுத்தின் மரபணுவில் சில துண்டுகள், கருங்கழுத்தின் மரபணுவில் வேறு சில துண்டுகள். அவை இந்த இரண்டு இனத்துக்கும் உரியவையல்ல என்று கண்டீர்கள். யாரும் அறியாத மூன்றாவது புறா ஒன்று முன்னொரு காலத்தில் இரண்டோடும் கலந்திருக்கிறது. அதன் உடல் போய்விட்டது. மரபணு என்னும் உயிரெழுத்துகள் மட்டும் இரண்டு இனங்களிலும் சிதறிக் கிடந்தன. தோப்பில் அந்த இனங்கள் கலந்தபோது, சிதறியவை ஒரே உடலில் கூடின. கூடியதும் அது தன் குரலில் கூவியது.

பாடம் செய்த பறவைகள் வைக்கும் மாடி அறையில், 'கருங்கழுத்து, நிறம் குறைந்தது' என்று தவறாகச் சீட்டு கட்டிய பழைய புறா ஒன்றைக் கண்டெடுத்தீர்கள். அதன் கால்விரலிலிருந்து கடுகளவு தோல் எடுத்துச் சோதித்தீர்கள். துண்டுக்குத் துண்டு பொருந்தியது. சீட்டின் மறுபுறம், சுட்டவர் கைப்பட எழுதியிருந்தார்: 'நான்கு கூவியது. சுட்டேன். எதிர்மரத்தில் மற்றொன்று நெடுநேரம் கூவிக்கொண்டே இருந்தது.'

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள்.

அந்த வாரமே இரண்டாம் முறை கலப்புப் பறவைகளைப் பிடித்துக் கொல்ல ஆணை தயாராகியிருந்தது. கூட்டத்தில் உயர் அலுவலர் ஏளனமாகக் கேட்டார்: "நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க?"

"ஆமா. தப்பா போட்டேன். அதான் ஆள் அனுப்பாம நானே வந்தேன்."

ஆணை நின்றது. உங்கள் பதவி உயர்வும் ஏழு ஆண்டுகள் நின்றது. அந்த ஏழு ஆண்டுகளில், குளிர்பெட்டியில் கிடந்த பதினெட்டுப் புறாக்களையும் உங்கள் கையாலேயே பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதினீர்கள். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் பதினெட்டு முறையும் ஒரே விடை: 'என் பரிந்துரை.' பிழையை மறைத்துப் பெருமை தேடுவோர் நடுவே, பிழைக்குப் பெயரெழுதிப் பெருமை பெற்ற பெருந்தகையே!

உங்கள் கண்டிப்பையும் கரிசனத்தையும் சொல்லப் புகுந்தால் இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மடல் அடங்காது. உங்கள் தங்கை தொலைபேசியில் சொன்னதை மட்டும் சேர்க்கிறோம்: "அக்கா புறாவப் பத்திப் பேசாத நாள் ஒண்ணு வந்தா உடனே சொல்லுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

இனி, நாங்கள் மறைத்த ஒன்று. சென்ற வாரம் நம் ஒலிப்பதிவாளர் தோப்பில் ஒரு குரலைப் பதிவு செய்தார். அது செங்கழுத்து அல்ல, கருங்கழுத்து அல்ல. அந்த மூன்றாவதும் அல்ல. மிகத் தாழ்ந்த ஒரே கூவல், மூச்சு விடாமல், எட்டு நிமிடம். குரல் வந்த மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிளைகளில் பறவை எதுவும் இல்லை. பக்கத்து மரங்களிலும் இல்லை. விழா கெட்டுவிடக் கூடாதே என்று உங்களிடம் சொல்லவில்லை. பொறுத்தருள்க. பதிவு இந்தச் சட்டத்தின் பின்புறம் உறையில் இருக்கிறது. நாங்கள் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை.

நோயின்றி, நோவின்றி, கண்ணும் காதும் கூர் குன்றாமல் நூறாண்டு வாழ்க! இதில் எங்கள் தன்னலமும் உண்டு: அந்தக் குரலுக்கு அஞ்சுவதா, மகிழ்வதா என்று சொல்ல உங்களையன்றி எங்களுக்கு ஆளில்லை. நாளை முதல் நீங்கள் வர வேண்டியதில்லை என்பது அலுவலக ஆணை. திங்கட்கிழமை காலை வந்துவிடுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள்.

உங்கள் அன்பும் அதட்டலும் மறவாத,
பறவை மரபியல் பிரிவுப் பணியாளர்கள்