ஈரக் கரண்டி

வீட்டில் தேன் வைத்திருப்பவர்களுக்கு ஈரக் கரண்டியைக் கண்டாலே ஆகாது. நானும் அப்படித்தான்.

இந்த ஆண்டு எங்கள் யுகாத்தான் காடுகளில் நல்ல பூ. வியாபாரி பாதித் தேனை எடுத்துக்கொண்டு, மீதியை மழை முடிந்ததும் வாங்குவதாகச் சொல்லிவிட்டார். மிஞ்சிய நான்கு பீப்பாய்களும் எங்கள் பின்னறைக்கு வந்தன. புளித்தால் வாங்கமாட்டார், எங்களுக்கு வேறு வருமானமும் இல்லை. என் கணவர் ஃபிதென்சியோ தேனீப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வார். எடுத்த தேனைக் காப்பது என் பொறுப்பு. சரியாகத்தான் செய்கிறேனா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். கல்லில் சோள ரொட்டி வேகும்போதுகூட எழுந்து போய் மூடிகளை அழுத்திப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்போதுதான் கணவரின் அண்ணன் எவெலியோ கால் முறிந்து வந்து சேர்ந்தார். பின்னறை குளிர்ச்சியானது என்று பீப்பாய்களுக்குப் பக்கத்திலேயே அவருக்கு வலை ஊஞ்சல் கட்டினார்கள். காப்பி கலக்கிய கரண்டியை அப்படியே தேனுக்குள் விடுவார். மூடவும் மாட்டார்.

"அத்தான், ஈரக் கரண்டியப் போடாதீங்க. புளிச்சுடும்."

"புளிச்சா குடிச்சிட்டு ஆடுவோம். டேய் ஃபிதென்சியோ, ராணித் தேனீ கோவமா வர்றாங்க, வழி விடுடா!"

கணவரும் சிரித்தார். "விடு நெல்சி. கால் ஒடிஞ்சு கிடக்கிறவன்கிட்ட போய் மல்லுக்கு நிக்கிறியே."

ஒரு பீப்பாய் நுரைத்துப் பொங்கியது. கொல்லையில் கொட்டினோம். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மழை மாதங்களில் இங்கே பூ கிடையாது. திறந்த தேனின் வாசனைக்குப் பசித்த தேனீக்கள் கூட்டமாக வந்து இறங்கும். அத்தானுக்கும் இது தெரியும். ஒருமுறை கண்ணால் பார்த்தால் திருந்திவிடுவார் என்று நினைத்தேன்.

அன்று மழை விட்டு வெயில் அடித்தது. கணவர் சந்தைக்குப் போயிருந்தார். அத்தான் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். ஊஞ்சலருகே இருந்த பீப்பாய் வழக்கம்போலத் திறந்து கிடந்தது. நான் அதை மூடவில்லை. மற்ற இரண்டின் மூடிகளையும் அழுத்திப் பார்த்தேன். சன்னலின் கம்பிவலை பிசுபிசுத்திருந்ததால் கழற்றிக் கழுவ எடுத்து வந்தேன்.

முதலில் ஒன்றிரண்டு வந்தன. பிறகு சன்னலே கறுத்தது. நான் வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமான பிறகும் கை நிற்கவில்லை.

"நெல்சி, கதவத் தொறம்மா!" என்றார். அவர் என்னை அம்மா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கையை வீசாமல் கிடந்திருந்தால் அவ்வளவு கொட்டியிருக்காது. கதவின் வெளித்தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். பக்கத்து வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். தேனீக்கள் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது அல்லவா. அவர் குரல் நின்ற பிறகும் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்து தேனீக்கள் போனதும் உள்ளே சென்றேன். ஊஞ்சல் பக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தேனில் செத்து மிதந்தவற்றை முதலில் எடுக்க வேண்டியிருந்தது. கரண்டியை நன்றாகத் துடைத்து, ஈரம் இல்லையே என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே உள்ளே விட்டேன்.

அந்தப் பீப்பாய் புளிக்காது.