சாம்பல் குஞ்சுகள்

— கூடையை மூடாதேக்கா. ஜன்னல் பக்கம் கொண்டு வா, வெளிச்சத்துல பார்க்கணும்.

— நல்லாப் பாரு. பத்து சில்கிக் கோழிக் குஞ்சுல ஏழு கன்னங்கரேல்னு என்னை மாதிரி. மூணு மட்டும் சாம்பல்ல புரண்டு எழுந்த மாதிரி. எனக்கு எதுக்கு? நீயே எடுத்துட்டுப் போ. உன் பண்ணையில இந்த நிறத்துக்குத்தானே அடிதடி.

— இதுங்களுக்கு அப்பன் ஆத்தா யாரு?

— நாம சேர்ந்து வளர்த்த அதே ஜோடிதான். கருப்புச் சேவல், கருப்புப் பெட்டை.

— கூண்டு?

— பூட்டித்தான் இருந்துது. சாவி என் இடுப்புல. ஈ எறும்பு நுழையாது.

— அப்போ நாலு வருஷத்துக்கு முன்னால மட்டும் தெருச்சேவல் எப்படிக்கா நுழைஞ்சுது?

— ஆரம்பிச்சிட்டியா?

— பின்னே? இதே மாதிரி ரெண்டு சாம்பல் குஞ்சு பொரிஞ்சுது. கதவைத் திறந்து போட்டுட்டேன், உன் சுத்தக் கருப்பு வம்சத்தையே கெடுத்துட்டேன்னு, வாங்க வந்தவங்க நாலு பேர் முன்னால சொன்னே. பூட்டினேன் பூட்டினேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். குஞ்சு ரெண்டையும் என் கையில திணிச்சு, கூட்டுத் தொழிலே வேணாம், போடின்னுட்டே.

— கருப்புக்கும் கருப்புக்கும் சாம்பல் பொறக்கும்னு யாருடி கண்டா?

— நாலு வாரம் பொறுத்திருந்தா நீயே கண்டிருப்பே. தெருச்சேவலுக்குப் பொறந்ததுன்னா, சாதாக் கோழி மாதிரி இறகு விறைப்பா வளரும். என் ரெண்டும் பஞ்சாட்டம் பட்டு இறகோட வளர்ந்து நின்னுதுங்க. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு. உன் சேவலுக்குள்ளயும் சாம்பல் ஒளிஞ்சிருக்கு, பெட்டைக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்து சேர்ந்தாத்தான் வெளியே தெரியும். ஏறக்குறைய நாலுக்கு ஒண்ணு.

— அந்த ரெண்டை வெச்சா இவ்வளவு பேர் எடுத்தே?

— ஒண்ணு சேவல், ஒண்ணு பெட்டை. என் அதிர்ஷ்டம். சாம்பலையும் சாம்பலையும் ஜோடி சேர்த்தா, ஒண்ணு தப்பாம சாம்பல்தான். முட்டையிலேயே சொல்லி வெச்சுட்டுப் போறாங்க. நீ கழிச்சுக் கட்டினதை வெச்சுத்தான்க்கா நான் தலைநிமிர்ந்தேன்.

— கெட்டிக்காரிதான். நான் இல்லைன்னு சொல்லலையே.

— ஆனா அந்த நாலு பேர்ல ஒருத்தர் இன்னிக்கும் என் கூண்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துட்டுத்தான் பேச்சையே எடுக்கறார். அது மட்டும் வலிக்குதுக்கா.

— அவங்களை நானே கூப்பிட்டுச் சொல்றேன். நீ பூட்டித்தான் இருந்தே, நான்தான் அபாண்டமா பேசிட்டேன்னு.

— சொல்லணும். நாலு பேருக்கும் சொல்லணும். ஆனா ஒண்ணு. இதுங்களைப் பார்த்ததும் மறைக்காம எனக்கு போன் பண்ணினே பாரு, அதுலயே என் கோபம் போயிடுச்சு. தெரியாம செஞ்ச தப்புதானே. கூடையைக் கொடு, கிளம்பறேன்.

— இரு. தெரியாம செஞ்சதுன்னு மட்டும் சொல்லாதேடி.

— ஏன்?

— நீ போன மறு வருஷமே இந்த ஜோடிக்கு மூணு சாம்பல் பொரிஞ்சுது. அதுங்களும் பட்டு இறகோடதான் வளர்ந்துதுங்க. ஊர்ல ஒருத்தர் கண்ணுலயும் படாம நான்தான் கைமாத்தி விட்டேன்.